முயல் ஓடிவிட்டதா, வயிறு நிறைந்ததா?

திண்டிவனம் தாலுகா, நம் வீடு
2.9.2024

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா தட்சிணாமூர்த்தி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, இரண்டு ஆடுகள் எல்லாரும் சுகம். அங்கே நீ, உன் வயிறு, நீ கொண்டுபோன பருப்புப்பொடி மூன்றும் சுகமா?

நீ தைவானில் இறங்கி ஐந்து நாள் ஆகிறது. போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். "சாப்ட்டியா, தூங்கினியா, சரி வெச்சிடறேன்" என்பதோடு தீர்ந்துபோகிறது. அதனால்தான் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டேன். இருபத்தாறு வருஷமாக இந்தக் கிளைத் தபால் ஆபீசில் ஊருக்கெல்லாம் தபால் கொடுக்கிறேன். என் பெயர் போட்டு வந்தது ஒரே ஒரு கவர். பிரித்தால் இன்சூரன்ஸ் நோட்டீஸ். பத்து மாசத்துக்கு இனி என் பெயருக்கும் தபால் வரட்டும்.

காலையில் சீனப் பாடம், மதியத்துக்கு மேல் முதியோர் பகல் இல்லத்தில் சேவை என்று நீ பாரம் நிரப்பியபோது உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பெத்தவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுக்காதவ, கடல் தாண்டிப் போய் கிழவிங்களுக்குச் சோறு போடப் போறாளாம்." இப்போது அதே வாயால் தெருவெல்லாம் பெருமை பேசிக்கினு இருக்கிறாள். நம் பக்கம் வந்திருக்கும் செருப்புக் கம்பெனிகளில் தைவான் மேனேஜர்களிடம் பேச ஆளில்லையாம், திரும்பி வந்ததும் உனக்கு மொழிபெயர்ப்பு வேலை காத்திருக்கிறதாம். எல்லாம் அவளே முடிவு செய்துவிட்டாள்.

எனக்கும் இந்த வருஷம் வேலை கொஞ்சம் அதிகம். அதைப் பிறகு பார்க்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. பதில் கவரில் பின்கோடு போடாவிட்டால் பிரிக்க மாட்டேன்.

அப்பா


ஹூவெய், தைவான்
22.9.2024

அன்புள்ள அப்பாவுக்குக் கலை எழுதுவது. நானும் என் வயிறும் சுகம். பருப்புப்பொடி பதினோராம் நாளே காலமாகிவிட்டது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சளி விட்டதா? பின்கோடு போட்டிருக்கிறேன், இரண்டு இடத்தில்.

அப்பா, மானம் போன கதை ஒன்று சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

சீன வார்த்தைகளை நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்கிறேன். 'வயிறு நிறைந்தது' என்பதற்கு 'தூஸ பாவ் லெ' என்று எழுதி வைத்திருந்தேன். முதல் வாரம் பகல் இல்லத்தில் லின் அம்மா என் தட்டில் இன்னும் சோறு வைக்க வந்தார். எழுபத்தெட்டு வயது, இன்னும் தனியாகப் பேருந்து ஏறி வருபவர். நான் பெருமையாக, சத்தமாக, "தூஸ பாவ் லெ!" என்றேன். அடுத்த நிமிஷம் ஐந்தாறு பெரியவர்கள் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிறார்கள். ஒரு தாத்தா கதவைச் சாத்தப் போனார்.

நான் சொன்னது 'முயல் ஓடிவிட்டது' என்று அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே ஓசைதான் அப்பா. 'தூ'வையும் 'பா'வையும் மூச்சை அடக்கிச் சொன்னால் வயிறு. புஸ்ஸென்று காற்று விட்டுச் சொன்னால் முயல். நம் தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'தூ', ஒரே 'பா'. நான் என்ன செய்வேன்? டீச்சர் வாய்க்கு நேரே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொன்னார். காகிதம் ஆடினால் முயல், ஆடாவிட்டால் வயிறு. இப்போது இல்லத்தில் என் பெயரே முயல்.

பயமும் இருக்கிறது. மார்ச் பதினைந்தாம் தேதி மொழித் தேர்வு. தேறினால்தான் ஜூன் வரை இருக்கலாம், சான்றிதழும் கிடைக்கும். தேறாவிட்டால் ஏப்ரலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். காதால் கேட்டு எழுதும் பகுதியில் நான் படுமோசம்.

இங்கே சுற்றிலும் மல்லாட்டை வயல்தான், இவர்களும் நம்மைப் போல வேர்க்கடலைதான் போடுகிறார்கள். ஆனால் மல்லாட்டையைச் சர்க்கரைத் தண்ணீரில் வேகவைத்துக் குடிக்கிறார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தலையில் துண்டு போடாமல் சைக்கிள் மிதிக்காதீர்கள்.

கலை


நம் வீடு
12.10.2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். முட்டிவலி அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். நீ இளைத்துவிட்டாயா என்று அம்மா கேட்கிறாள்.

உன் கடிதத்தை நானே எனக்கு டெலிவரி செய்துகொண்டேன். வாசலில் சைக்கிள் மணி அடித்து "சார், போஸ்ட்" என்றேன். உன் அம்மா, "இந்த மனுஷனுக்கு மூளை கலங்கிடுச்சி" என்று உள்ளே போய்விட்டாள். பிறகு இரண்டு பேரும் வாய்க்கு நேரே மணியார்டர் பாரத்தைப் பிடித்துக்கொண்டு 'தூஸ பாவ் லெ' சொல்லிப் பார்த்தோம். எனக்கு ஆடவில்லை. உன் அம்மாவுக்குப் பாரம் கையை விட்டுப் பறந்தது. அவள் சொன்னால் முயல் மட்டுமல்ல, ஆடு மாடும் ஓடிவிடும்.

மல்லாட்டையில் சர்க்கரையா? படித்த ஊர் என்று நினைத்தேன்.

தேர்வுக்குப் பயப்படாதே. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படி. ஒரே நாளில் உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறாது, கண்தான் எரியும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வயிற்றைக் காயப்போடாதே. லின் அம்மாவுக்கு என் வணக்கம்.

அப்பா


ஹூவெய்
3.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு, கலை நலம். உங்கள் நலம் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நான் போஸ்ட்மேன் மகள். கவரைப் பிரிப்பதற்கு முன்னால் முத்திரையைப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம், நீங்கள் பழக்கியதுதான். நம் ஊர்ப் பெட்டியில் போட்ட கடிதத்துக்குத் திண்டிவனம் முத்திரைதான் விழ வேண்டும். இதில் விழுப்புரம் என்று இருக்கிறது. பையில் தபாலை வைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போய் ஏன் போட்டீர்கள்?

மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் போன் செய்தால் நீங்கள் வீட்டில் இல்லை. "வெளிய போயிருக்காரு, வந்துடுவாரு" என்கிறாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை என்ன தபால்? போன வாரம் என்னோடு காலேஜில் படித்த கலைப்பிரியா மெசேஜ் போட்டாள்: "உங்கப்பாவ விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்டி. கையில ஒரு ஃபைல் வெச்சிக்கினு இருந்தாரு. ரொம்ப எளச்சிட்டாரு."

என்ன ஃபைல் அப்பா?

கோபமாக எழுதவில்லை, கேட்கிறேன். மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் மறைக்காமல் எழுதுங்கள்.

கலை


நம் வீடு
22.11.2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. பூரண சுகம். உன் சுகத்துக்கு எழுது.

விழுப்புரத்தில் சிநேகிதர் விருத்தாசலத்தின் பையனுக்கு நிச்சயம். ஃபைலில் இருந்தது ஜாதகம். ஞாயிற்றுக்கிழமை அது விஷயமாகத்தான் அலைச்சல். ஒரு நிச்சயத்துக்கு இத்தனை ஞாயிறா என்று நீ கேட்பாய். பெண் வீட்டார் கொஞ்சம் பேஜாரு.

மேகம் கட்டியிருக்கிறது. மல்லாட்டை போட்டவர்கள் எல்லாம் வானத்தையே பார்த்துக்கினு இருக்கிறார்கள். சின்னபொண்ணு அக்கா தன் பென்ஷன் வாங்க வந்து உன்னைப் பற்றி அரைமணி நேரம் விசாரித்தாள். சீனாவுக்கும் தைவானுக்கும் என்ன வித்தியாசம் என்றாள். தெரியாது என்றேன். முள் குத்தி நொண்டிய ஆட்டுக்குக் கால் சரியாகிவிட்டது.

இந்தக் கடிதத்தைத் திண்டிவனத்தில்தான் போடுகிறேன். முத்திரையைப் பார்த்துக்கொள்.

குளிருக்கு ஸ்வெட்டர் போடு.

அப்பா


ஹூவெய்
5.12.2024

அப்பா, அம்மா, இருவருக்கும். நான் நலம். நீங்கள்?

புயல் செய்தியை இங்கே போனில் பார்த்தேன். விக்கிரவாண்டிப் பக்கம் ரயில்வே பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போவதைக் காட்டினார்கள். நம் தெரு எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. ஐந்து நாளாகப் போன் போகவில்லை. நேற்றுத்தான் அம்மா குரல் கேட்டது. "நாங்க நல்லாக்கீறோம், அப்பா தபால் எடுத்துக்கினு போயிருக்காரு" என்றாள், லைன் போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் என்ன தபால்?

இன்று லின் அம்மா நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "முயலே, உன் ஊரில் மழையா?" என்று கேட்டார். முதல்முறையாக ஒரு சீன வாக்கியம் முழுதாகப் புரிந்தது. புரிந்ததும் அழுதுவிட்டேன்.

இரண்டு வரி போதும். உடனே எழுதுங்கள்.

கலை


17.12.2024

அன்பு மகளுக்கு, சுகம். அம்மா சுகம். வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் வந்து போய்விட்டது. அரிசி மூட்டை நனைந்தது, அவ்வளவுதான். ஆடுகளைப் பக்கத்து வெள்ளையம்மாள் வீட்டு மாடியில் ஏற்றினோம், இறங்க மாட்டேன் என்கின்றன. முதியோர் பென்ஷன் பணத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மல்லாட்டை எல்லாருக்கும் போயிற்று.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். உட்கார இடம் சரியில்லை. பிறகு விவரமாக.

நீ படி. அது போதும் எனக்கு.

அப்பா


ஹூவெய்
6.1.2025

அப்பாவுக்கு.

நலம் விசாரித்து எழுதும் மனநிலை இல்லை. இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

போன கவரில் முத்திரை முண்டியம்பாக்கம். முண்டியம்பாக்கத்துக்கு எதற்குப் போவார்கள் என்று நம் மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பெரியாஸ்பத்திரிக்கு. கையெழுத்து படுக்கையில் எழுதியதுபோல் இருக்கிறது. 'உட்கார இடம் சரியில்லை' என்கிறீர்கள். ஃபைல், இளைத்த உடம்பு, ஞாயிற்றுக்கிழமை. ஜாதகமாம்! பொய் சொல்லவும் தெரியவில்லை உங்களுக்கு.

அம்மாவிடம் போனில் கேட்டேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு, "அவரையே கேளு" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் தேர்வும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். ஜனவரி முடிவதற்குள் உண்மை எழுதி வரவில்லை என்றால் பிப்ரவரி முதல் வாரம் கிளம்பி வருகிறேன். இங்கே ஆபீசில் பாரம்கூட வாங்கிவிட்டேன். உங்களுக்கு ஒன்று என்றால் யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு நான் இங்கே சோறு ஊட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

கலைமதி


நம் வீடு
18.1.2025

என் கண்ணுக்கு அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் தலைமேல் ஆணை. அந்தப் பாரத்தைக் கிழித்துப் போடு.

எனக்கு நோய் இல்லை. பரீட்சை.

நான் ஊருக்குத்தான் போஸ்ட்மேன். இலாகா கணக்கில் கிராமத் தபால் சேவகர், நாலைந்து மணி நேர வேலை. நிரந்தரப் போஸ்ட்மேன் ஆக இலாகா பரீட்சை எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதினேன். நீ ஆறாவது படிக்கும்போது ஒன்று, பன்னிரண்டாவது படிக்கும்போது ஒன்று. இரண்டிலும் தோற்றேன். இரண்டாம் தடவை முடிவு வந்த அன்று டீக்கடையில், "இன்னா போஸ்ட்மேன், உம் பொண்ணு பாஸு, நீ ஃபெயிலா?" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டு வந்தேன்.

இந்த வருஷத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. இதுதான் கடைசி. கம்ப்யூட்டரில் டைப் அடிக்கவும் தெரிந்திருக்க வேண்டுமாம். அதற்குத்தான் விழுப்புரத்தில் வகுப்பு. என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளுக்கு உன் வயதைவிடக் கம்மி. "அங்கிள், ஸ்பேஸ் பார தட்டுங்க" என்கிறார்கள். சைக்கிள் பிரேக் பிடித்த கை, பொத்தானை அழுத்தினால் ஒரே எழுத்து ஒன்பது விழுகிறது. ஃபைலில் இருந்தது அந்தப் பாடம்தான். இளைத்தது அலைச்சலில்.

முண்டியம்பாக்கம் கதையும் கேள். புயலுக்கு அப்புறம் ரோடு சரியில்லை. அன்று பஸ்ஸை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நின்ற பஸ்ஸில் மடிமேல் வைத்து எழுதி, எதிரில் இருந்த பெட்டியில் போட்டேன். ஊர் பேரைப் பார்த்து நீ ஆஸ்பத்திரி என்று படிப்பாய் என எனக்குத் தோன்றவில்லை. ஒரே எழுத்தை நீயும் இரண்டு மாதிரி படித்துவிட்டாய்.

உன்னிடம் ஏன் மறைத்தேன்? மறுபடி தோற்றால் அது எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். உன் முன்னால் தோற்ற அப்பாவாக மூன்றாம் தடவை நிற்க வெட்கம். விருத்தாசலத்துக்குப் பையனே இல்லை, இரண்டும் பெண். அதற்கும் மன்னித்துவிடு.

பிப்ரவரி 23 பரீட்சை. நீ வந்து நின்றால் நான் எழுத மாட்டேன். நீ அங்கே உன் பரீட்சையை எழுது.

சாப்பிடு. நன்றாகச் சாப்பிடு.

அப்பா


ஹூவெய்
2.2.2025

என் அன்பு அப்பாவுக்கு, கலை சுகமோ சுகம். பாரத்தைக் கிழித்து லின் அம்மா கையிலேயே கொடுத்தேன். அவர் அதை மடித்து மல்லாட்டைத் தோல் போடப் பெட்டி செய்துவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அழுதேன், பிறகு கோபம் வந்தது. நான் முயல் ஓடின கதையை முதல் கடிதத்திலேயே எழுதினேனே! ஒரு ஹால் நிறைய ஆட்கள் முன்னால் அசிங்கப்பட்டதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. உங்களுக்கு மட்டும் என்ன?

இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "என் அப்பாவும் ஸ்டூடண்ட்." கதவைச் சாத்தப் போன தாத்தா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், உங்களுக்காகக் கையைத் தூக்கிக் காட்டி "ஜியாயோ!" என்றார். விடாதே, அடிச்சித் தூக்கு என்று அர்த்தம்.

ஓர் ஒப்பந்தம். உங்கள் முடிவைப் போனில் நான் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. என் முடிவும் அப்படித்தான், போனில் கிடையாது. கடிதத்தில் சீனத்தில் எழுதுங்கள். தேறினால் 'வயிறு நிறைந்தது'. தேறாவிட்டால் 'முயல் ஓடிவிட்டது'. அந்த வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் என் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். முயல் ஓடினாலும் பரவாயில்லை அப்பா, மேஜைக்கு அடியில் சேர்ந்து தேடலாம்.

விரலுக்கு ராத்திரி நல்லெண்ணெய் தடவுங்கள்.

கலை


நம் வீடு
12.5.2025

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஆடுகள் மாடியை விட்டு இறங்கிவிட்டன.

ஏப்ரல் முடிந்தும் நீ வாசலில் வந்து நிற்கவில்லை. ஆகவே தேறிவிட்டாய். முத்திரை படிக்க எனக்கும் தெரியும். அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். சின்னபொண்ணு அக்கா தெருவெல்லாம், "கலை சீனாவுல பாஸாயிட்டா" என்று சொல்லிக்கினு போகிறாள். நான் திருத்தவில்லை.

என் முடிவு போன மாசமே வந்தது, உன்னுடையது தெரியட்டும் என்று காத்திருந்தேன். ஒப்பந்தப்படி எழுதுகிறேன். உன் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் பார்த்து எழுதியிருக்கிறேன்.

தூஸ பாவ் லெ.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? வெயில் அங்கேயும் உண்டா?

அப்பா


ஹூவெய்
30.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு, கலை நலம். அம்மாவுக்கு முத்தம். உங்களைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தூஸ பாவ் லெ என்றால் எந்த 'தூ', எந்த 'பா'? வயிறா, முயலா? நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று எட்டு மாசத்துக்கு முன்னால் நானே எழுதிவிட்டு, நானே உங்களிடம் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மொழித் தேர்வில் தேறிய மேதாவி! காதால் கேட்கும் பகுதியில் மயிரிழையில்தான் தப்பினேன், இந்த லட்சணத்துக்கு அதுவே அதிகம்.

'வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை' என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் முயல் ஓடியது. 'ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல்' என்பதைப் படித்தால் வயிறு நிறைந்தது. காகிதத்தை வாய்க்கு நேரே பிடித்து உங்கள் குரலில் சொல்லிப் பார்த்தேன். போன் பண்ணக் கை போனது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று அடக்கிக்கொண்டேன். மூன்று நாள்.

கவரைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கவரைப் பார்க்காமல் பிரித்தேன், அவ்வளவு அவசரம். பிரித்த கையோடு லின் அம்மா தபால்தலைக்காக அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் நாலாம் நாள்தான் வந்தார். பை முழுக்கத் தேடி எடுத்துக் கொடுத்தார். முத்திரை விழுப்புரம். திருப்பினேன்.

அனுப்புநர்: வி. தட்சிணாமூர்த்தி, போஸ்ட்மேன், தலைமைத் தபால் ஆபீஸ், விழுப்புரம்.

ஹாலில் நான் போட்ட கூச்சலில் எல்லாரும் மறுபடி மேஜைக்கு அடியில் குனிந்தார்கள். "முயல் இல்லை, வயிறு! எங்கப்பா வயிறு!" என்று சீனத்தில் கத்தினேன். இலக்கணப்படி தப்பு. எல்லாருக்கும் புரிந்தது. டிரைவர் தாத்தா எல்லாருக்கும் சர்க்கரை மல்லாட்டை ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கிண்ணம் குடித்தேன். அது நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஜூன் முப்பது, திங்கட்கிழமை வருகிறேன். சென்னை பஸ்ஸில் திண்டிவனத்தில் இறங்க மாட்டேன், நேரே விழுப்புரம். லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்காதீர்கள். நான் உங்கள் ஆபீஸ் வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் உங்கள் தபால் பீட்டில் எல்லாத் தெருவையும் முழுசாக முடித்துவிட்டு, கடைசிக் கவரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வருவதை நான் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

தூஸ பாவ் லெ அப்பா. காகிதத்தை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆடவே இல்லை.

கலை